சுவர் ஏற மறுத்த தண்ணீர்

போன வருடம் சித்திரை வெயிலில், சுருளிப்பட்டியில் ஒரு திராட்சை விவசாயி வீட்டுக்கு ஏசி மாட்டப் போயிருந்தேன். தேனியில் ஒரு கடையில் இன்ஸ்டலேஷன் இன்ஜினியர் வேலை எனக்கு. முதுகில் ஆபரேஷன் முடிந்து அவர் மனைவி அன்று சாயங்காலம் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். அசையாமல் படுத்திருக்க வேண்டியவருக்கு அந்த அறையின் புழுக்கம் ஆகாது. அவர் வருவதற்குள் ஏசி ஓட வேண்டும்.

என் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஏசியைத் தாங்கும் தகடு, அப்புறம் சுவரில் துளை, பிறகு கேஸ் போகும் செம்புக் குழாய், கடைசியில் தண்ணீர் வடியும் குழாய். டிரில்லரைக் கையில் எடுத்ததுமே அவர் குறுக்கே வந்து நின்றார்.

“இந்தச் செவுத்துல வேணாந்தாயி. அங்கிட்டு என் தம்பி எடம். எங்களுக்குள்ள பேச்சுவார்த்த கெடையாது. அவன் எடத்துல எங்க தண்ணி விழுகக் கூடாது.”

இன்னொரு வெளிச்சுவர் அறைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. அதில் ஏசி மாட்ட இடமில்லை, குழாயை மட்டும்தான் அங்கே கொண்டுபோகலாம். போகும் வழியில் கதவு, அதற்கு மேலே பீம். செம்புக் குழாய் எப்படி வளைந்தாலும் மொட்டை மாடி யூனிட்டுக்கு ஏறிவிடும். வடிகுழாய்க்குச் சரிவு வேண்டும், பீமைத் தாண்டித் தண்ணீர் ஏறாது என்றேன்.

“பெரியாத்துத் தண்ணி மலையவே கொடஞ்சுக்கிட்டு வருது. இது ஒரு செவுரு ஏறாதா?”

“அங்கனயும் அது எறங்கித்தானண்ணே வருது!”

படம் வரைந்து காட்டினேன். நன்றாகத் தலையாட்டிவிட்டு மறுபடியும் அதையே சொன்னார். தண்ணீரை மேலே தள்ளும் சிறிய பம்பு கடையில் கைவசம் இல்லை. பொறுமை போய், யூனிட்டை மாட்டி, அவர் சொன்ன வழியிலேயே குழாயைத் தற்காலிகமாகக் கட்டி, ஏசிக்குள் தண்ணீர் சேரும் தட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். அது அப்படியே திரும்பி, சுவரில் வழிந்து, கட்டிலின் தலைமாட்டில் சொட்டியது.

“சரி, நீயே ஒரு வழி சொல்லு.”

“தம்பிகிட்ட கேளுங்க.”

“அதத் தவிர.”

ஸ்பேனரை வைத்துவிட்டு நானே பக்கத்து வீட்டுக்குப் போனேன். தம்பியின் மனைவி புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், சுவர் தாண்டிக் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

“அவுக வாயத் தொறந்து கேக்க மாட்டாகளாக்கும்? வேல பாக்க வந்த புள்ளையத் தூது விடுறாகளா?” பிறகு குரலைத் தணித்து, “அக்கா எப்ப வாராக?” என்றார்.

“சாயங்காலம்.”

“அப்ப ஏன் நின்னுக்கிட்டிருக்க? அவுகளுக்குன்னா விட மாட்டேன். அக்காவுக்குத்தான். தண்ணி எங்கன விழுகும், காட்டு.”

காட்டினேன். அங்கே அடுக்கியிருந்த விறகை அவரே இழுத்து ஒதுக்கினார். நான் திரும்பி வந்தபோது, அண்ணன்காரர் எதுவும் காதில் விழாதவர்போல் அதே சுவரில் பென்சிலால் குறி போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் தப்பான உயரத்தில்!

கார் வந்தபோது அறை குளிர்ந்திருந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து அக்காவைத் தாங்கிப் பிடித்தவர், தம்பியின் மனைவிதான்.

இப்போது என் வரிசை மாறிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் யார், அவர்களோடு பேச்சு உண்டா என்று கேட்ட பிறகுதான் டிரில்லரைத் தொடுகிறேன். ஒரு வார்த்தை கேட்பதற்குப் பதில் தண்ணீரைச் சுவர் ஏறச் சொல்கிறவர்கள் இன்னும் அகப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எரிச்சல் தலைக்கேறும்போதெல்லாம், விறகை இழுத்து ஒதுக்கிய அந்தக் கைகளை நினைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போய்விடுகிறேன்.