மருமகள் மாடிக்கு எடுத்துப்போன நீல மூடி

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெற்றது, ஒன்று நாத்தனார் விட்டுப்போனது. படிப்பு கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான். ஆனால் என் கண்ணுக்குத் தப்பி இந்த வீட்டில் ஒரு டம்ளர்கூட இடம் மாறாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

இது போன வருஷம் ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவில், மதுரை ஒத்தக்கடையில் எங்கள் வீட்டில் நடந்தது. கடைசி மகனோடு இருக்கிறேன்; இதை எழுதுகிற பேத்தி அவன் மகள். மருமகள் மேலூரில் ஒரு உரக்கடையில் பில் போடுகிறாள். அங்கே போய்வர நீல ஸ்கூட்டர் ஒன்று வாங்கினாள். நாலு வழிச் சாலையில் கல் லாரிகளுக்கு நடுவே அவள் ஓட்டுவது மகனுக்குப் பயம். "ஒரு தடவ விழுந்தாலும் வண்டிய வித்துருவேன், பாத்துக்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

புது வண்டிக்கு அதுதான் முதல் ஆயுத பூஜை. அரிவாள்மனை, கடப்பாரை, தையல் மிஷின் என்று எல்லாவற்றையும் முதல் நாள் தேய்த்துக் கழுவுவது என் பொறுப்பு. வண்டியையும் விடவில்லை. மறுநாள் சந்தனம், குங்குமம், மாலையோடு மாப்பிள்ளை மாதிரி நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் வெளியே போனதும், மருமகள் எதையோ பழைய சேலையில் சுற்றி மாடிக்குக் கொண்டுபோனாள். அன்று முழுக்க ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள்.

"என்னத்தா, பெயிண்டு வாசம் வருது?"

"பக்கத்து வீட்லயா இருக்கும்த்தே."

அவள் நகக்கண்ணில் நீலம் இருந்தது. சாயங்காலம் பார்த்தால் வண்டியின் வலது பக்கம் மட்டும் பளிச்சென்று மின்னியது. இடது பக்கத்தைப் படுதா போட்டு மறைத்திருந்தாள். எங்கேயோ விழுந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். யாரையாவது இடித்துவிட்டு வந்தாளோ என்றும் தோன்றியது. முழங்கையைப் பார்த்தேன், காயம் இல்லை. நொண்டுகிறாளா என்று தெரிந்துகொள்ள அரிசிச் சிப்பத்தை நகர்த்தச் சொன்னேன். சாதாரணமாகத் தூக்கி வைத்துவிட்டுப் போனாள். நன்றாக மறைக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு சத்தமில்லாமல் பின்னாலேயே மாடி ஏறினேன். விரித்த பேப்பர்மேல் உப்புத்தாள், பட்டி டப்பா, ஸ்பிரே டப்பா. சேலைக்குள்ளிருந்து வண்டியின் இடது பக்கத்து பிளாஸ்டிக் மூடியை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் மூடியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். திருடி பிடிபட்ட முகம். கீழே இருந்த மகனைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.

"எங்க விழுந்த?" என்றான்.

"விழுகல."

"பெறகு இம்புட்டுக் கீறல் எப்படி வந்துச்சு?"

என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். அவன் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். தீபாவளி முடியட்டும், ஆள் பார்த்து வண்டியை விற்றுவிடுகிறேன் என்றான். நாலு நாள் அவள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வந்தாள்.

எனக்கு அதுவும் போதவில்லை. எதன்மீது மோதினாள் என்று தெரிய வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் மாடிக்குப் போய் அந்த மூடியை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன்.

விழுந்த வண்டியில் கீறல் நீளமாக இழுத்துக்கொண்டு போயிருக்கும். இது சின்னச் சின்ன வட்டம். ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரம்வரை, ஒரு இடம் விடாமல். எங்கள் எவர்சில்வர் சட்டிகளின் அடியில் இருக்கிற அதே வட்டம். கம்பி நாரும் பாத்திரம் தேய்க்கிற பவுடருமாக என் கை அப்படித்தான் சுற்றும். அன்று வண்டியைத் தேய்த்துக் கழுவியபோது ஈரத்தில் பளபளவென்றுதான் இருந்தது. மறுநாள் அதன்மேல் சந்தனத்தை அப்பியதும் நான்தான்.

வெயிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் மகனிடம் கை நீட்டினேன். "சாவியக் குடு. அவ விழுகல."

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியும்டா. குடு."

காரணம் சொல்ல அன்றும் வாய் வரவில்லை, இன்றுவரையும் வரவில்லை. சாவியை மருமகளின் டிபன் டப்பா பக்கத்தில் வைத்தேன். அவள் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எல்லோர் கண்ணெதிரிலும் மாடி ஏறினாள். நான் வாளியில் தண்ணீர் எடுத்துப்போனேன். உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தாள், ஆழமான கீறலில் பட்டி வைத்தாள், காயவிட்டு காயவிட்டு மெல்லிசாக நீலம் அடித்தாள். எல்லாம் போனில் பார்த்துக் கற்றதாம். நான் பேப்பர் பறக்காமல் பிடித்துக்கொண்டேன்.

"தள்ளி உக்காருங்கத்தே, சேலைல பட்ரும்."

"பட்டாப் படட்டும்" என்றேன். சிரித்தாள்.

இப்போதும் எனக்கு யார்மேலாவது சந்தேகம் வராமல் இல்லை. வந்தால், முதலில் என் கையை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

வாசல்ல வண்டிச் சத்தம் கேக்குது, உங்கம்மா வந்துட்டா. உங்கப்பனும் வீட்லதான் இருக்கான். எழுதுனத மொதல்லருந்து வாசி பாப்பா. ரெண்டு பேருக்கும் கேக்குற மாதிரி வாசி.