பழைய அட்டையில் இருந்த தேதி

தையல் ஆலையில் அவளுக்கு அம்புக்காரி என்று பேர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. சட்டையில் ஒரு தையல் பிசகினாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தைத்தவளிடமே திருப்பி அனுப்பிவிடுவாள். பத்து வருஷமாகச் செக்கிங் மேஜையில் நிற்கிறாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள் என்று சூப்பர்வைசர் மெச்சுவார். தைக்கிற பெண்களும் அதையேதான் சொல்வார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு.

செக்கிங்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவள் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு கட்டுச் சட்டைகளில் மேலே இருந்தது நன்றாக இருக்கிறது என்பதற்காக அடுத்ததைப் பார்க்காமல் விடக் கூடாது. ஒவ்வொரு சட்டையும் தனிச் சட்டை. இதை நாளைக்கு நாலு தடவை சொல்வாள். கேட்டுக் காது புளித்துப் போன பெண்கள், அவள் நகர்ந்ததும் அவளைப் போலவே விரலை ஆட்டிச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவள் தன் வயிற்றுப் பிள்ளை விஷயத்தில் கோட்டை விட்டாள்.

இரண்டாவது பிள்ளைக்கு அவளுக்கு ஏழாம் மாதம். ஆலைக்குள்ளேயே ஒரு சின்ன மருந்தறை உண்டு; வாரத்துக்கு ஒரு நாள் நர்ஸ் வருவாள். கக்குவான் இருமலுக்கான தடுப்பூசியைக் கர்ப்பிணிகள் அந்த மாதங்களில் போட்டுக்கொள்ள வேண்டும். பிறந்த குழந்தைக்கு உடனே அந்த ஊசி போட முடியாது, அதுவரைக்கும் தாய் போட்டுக்கொண்டதுதான் பிள்ளையைக் காக்கும். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது வழக்கமான நர்ஸ் இதையெல்லாம் விளக்கிச் சொல்லித்தான் போட்டுவிட்டாள். இந்த முறை வந்தவள் மாற்று ஆள். வெளியே பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு ஷிப்மென்ட் வேறு, மேஜையில் தலைக்கு மேல் வேலை கிடந்தது. நர்ஸ் நிமிராமலே, ஊசி போட்டாச்சா என்று கேட்டாள். போட்டாச்சு என்று இவளும் சொன்னாள். நர்ஸ் டிக் அடித்தாள்.

அவள் பொய் சொல்லவில்லை. மூத்தவளுக்காகப் போட்டதைத்தான் சொன்னாள். ஒரு தடவை போட்டால் போட்டதுதானே என்று நினைத்துக்கொண்டாள். நர்ஸாவது ஊசி அட்டையை வாங்கித் தேதியைப் பார்த்திருக்கலாம். இரண்டு பேருமாகச் சேர்ந்து அரை நிமிஷத்தில் செய்து முடித்த காரியம் அது.

பையன் பிறந்தான். அவள் புருஷன் பஸ் கண்டக்டர். அந்தச் சமயம் மூன்று வாரமாக அவனுக்கு இருமல். விசிலை வாயில் வைத்தால் ஊத முடியாமல் இருமுவான். பஸ் புழுதிதான் காரணம் என்று நினைத்து வெந்நீர் குடித்தான். வேலையிலிருந்து வந்ததும் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பையனை மார்பில் போட்டுக்கொள்வான். பிள்ளைக்கு ஐந்தாவது வாரம் இருமல் வந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. இருமி இருமி முகம் கறுத்து, மூச்சு நின்று, மறுபடி வந்தது. இரண்டு பேரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா இரண்டு கேள்வி கேட்டார். வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா என்பது முதல் கேள்வி. கண்டக்டர் தனக்குத்தான் என்றான். அடுத்த கேள்விக்குள் அவனை மருந்து வாங்க அனுப்பிவிட்டார்கள். கர்ப்பத்தில் ஊசி போட்டாயா என்று கேட்டபோது அவள் பையிலிருந்து அட்டையை எடுத்துத் தைரியமாகத்தான் நீட்டினாள். டாக்டரம்மா தேதியைப் பார்த்தார்.

"இது மூத்த பொண்ணுக்குப் போட்டதும்மா. ஒவ்வொரு தடவை கர்ப்பமாகும்போதும் புதுசா போடணும். பழசோட சக்தி குறைஞ்சிடும்."

"போட்டிருந்தா?"

"உறுதியா சொல்ல முடியாது. அநேகமா இந்த அளவுக்கு வந்திருக்காது."

அவள் அட்டையை மடித்துப் பையின் அடியில் வைத்தாள். புருஷன் மருந்தோடு திரும்பி வந்தான். பிள்ளை தேறட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் பிள்ளை போய்விட்டது.

பழி முழுவதையும் கண்டக்டர் தன் தலையில் போட்டுக்கொண்டான். இருமல் நின்று வெகுநாளான பிறகும் வீட்டுக்குள் வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு திரிந்தான். படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டான். மூத்தவள் காலைக் கட்டிக்கொள்ள ஓடி வந்தால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போவான். "அப்பாகிட்ட வராதே கண்ணு" என்பான். மகளும் நாளடைவில் தள்ளி நிற்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு நாள் அவனுடைய அண்ணி, கூடத்தில் நாலு பேர் இருக்கையில், வெளியிலிருந்து நோயைக் கொண்டுவந்து பிள்ளைக்குக் கொடுத்துவிட்டான் என்று சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்புக்காரி அன்றைக்காவது வாயைத் திறந்திருக்க வேண்டும். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஊரார் தப்புக்கெல்லாம் பத்து வருஷம் அம்பு ஒட்டியவளுக்குத் தன் தப்புக்கு ஒட்ட ஒன்று கிடைக்கவில்லை. கோழைத்தனம்தான், வேறு என்ன பெயர் சொல்வது? அவள் அழாத நாளில்லை, ஆனால் அவள் அழுகை அவனுக்கு ஒரு பைசாவுக்கும் உதவவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி ஏழாம் மாதம் வந்தது. இந்த முறை ஆலை மருந்தறை வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்கே போனார்கள். கண்டக்டர் லீவு போட்டுவிட்டு வந்து, கைக்குட்டையும் தானுமாக வராந்தாவில் நின்றான். உள்ளே நர்ஸ் பேனாவைப் படிவத்தின் கட்டத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, நிமிராமலே கேட்டாள்.

"கக்குவான் ஊசி ஏற்கெனவே போட்டாச்சா?"

அவள் எழுந்து கதவருகே போனாள்.

"என்னங்க, உள்ள வாங்க."

அவன் தயங்கி உள்ளே வந்து சுவரோடு ஒட்டி நின்றான். அவள் நர்ஸுக்குச் சொல்லவேண்டியதை அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"மூத்தவளுக்காகப் போட்டேன். பையனுக்குப் போடல. போட்டாச்சுன்னு நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில முதல் நாளே டாக்டர் தேதியைப் பாத்துட்டாங்க. உங்க இருமல் மட்டும் இல்லைங்க."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்குப் புரிந்தது. நர்ஸ் அவள் கையைத் துடைத்து ஊசியைப் போட்டாள், தேதியை எழுதினாள், வீட்டில் குழந்தையைத் தூக்குகிறவர்களும் போட்டுக்கொள்வது நல்லது என்றாள். அவன் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினான்.

பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றார்கள்.

"ஒன்றரை வருஷம்" என்றான் அவன்.

மேற்கொண்டு அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. பஸ் வந்ததும் அவன் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். அவளுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது.

பக்கத்து வீட்டில் விட்டிருந்த மூத்தவள் இவர்களைக் கண்டதும் ஓடி வந்தாள். அப்பாவுக்கு நாலடி தள்ளி, பழக்கத்தில், தானாகவே நின்றாள். அவன் கைக்குட்டையை அவிழ்த்துப் பைக்குள் போட்டான். குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினான். நாலு வயதுக் குழந்தை நகரவில்லை. போகலாமா என்று கேட்கிற மாதிரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

"போ" என்றாள் அவள்.

அவன் மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, பெண்டாட்டியின் பக்கம் திரும்பாமல் உள்ளே போனான்.