தியாபின் வலது கை

எங்கள் நைல் படகில் தியாபுக்குத் துடுப்பு போடுவதைவிடப் பெரிய வேலை ஒன்று இருந்தது: சும்மா நிற்பது. பிரெஞ்சு துரை எந்தப் பாழுங்கோயிலைப் படம் பிடித்தாலும் தூணடியில் இவன் நிற்கவேண்டும். அப்போதுதான் தூண் எவ்வளவு பெரிசென்று அவர் ஊரில் நம்புவார்களாம். ஈ மொய்த்தாலும் அசையமாட்டான். "சும்மா நிக்கிறவனுக்கு எதுக்குடா ரெண்டு தட்டு பருப்பு?" என்று திட்டிக்கொண்டே போடுவேன். படகுச் சமையல்காரன் வாய் அப்படித்தான்.

கோம் ஓம்போ அவன் சொந்த ஊர். அப்பா வைத்த பேரீச்சை மரத்தைக் கேட்காமல் வெட்டிவிட்டான் என்று அண்ணன் அவதல்லா பேச்சை முறித்து வருஷக்கணக்காகிவிட்டது. குளிர்காலந்தோறும் படகு கரை தொட்டதும் ஓடிப்போய் சலாம் சொல்வான். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"ஒரே ஒரு தடவை அவரா பேசிட்டாப் போதும்யா. வேற எதுவும் வேணாம் எனக்கு" என்பான். கேட்கவே பாவமாக இருக்கும்.

அன்று காலை அந்த ஊர்க் கோயிலில் மணலில் பாதி புதைந்த தூண்கள்மேல் வெயில் பாலாக இறங்கிக்கொண்டிருந்தது. காற்றில்லை. நைல் ஓடுகிறதா, தூங்குகிறதா, தெரியவில்லை. துரை படக்கருவியின் மூடியை எடுத்தார். திரும்ப மூடும்வரை இவன் அசையக்கூடாது. தியாப் தூணோடு தூணாக நின்றான். எனக்குக் கண் சொக்கியது. ஆதியிலிருந்தே அவன் அங்கே நிற்பதாகத் தோன்றிற்று.

கழுதைமேல் தீவனக்கட்டோடு அவதல்லா வந்தார். எங்கள் பக்கத்திலேயே நிறுத்தினார். தம்பியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

அசைந்தால் படம் பாழ், பிழைப்பும் போச்சு. சலாமுக்குப் பதில் தராவிட்டாலோ, இந்த ஜன்மத்தில் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார்.

தியாப் கையை நெஞ்சில் வைத்தான். நெற்றிக்குக் கொண்டுபோனான். "வஅலைக்கும் ஸலாம், அண்ணே!" மறுபடி நெஞ்சு, மறுபடி நெற்றி. கை நிற்கவேயில்லை. காலை மட்டும் நகர்த்தவில்லை, பழக்கதோஷம்!

துரை கத்தின கத்தலில் புறாவெல்லாம் பறந்தது. "இனிமே படகுல ஏறாதே!" என்றுவிட்டார். படம் விழுந்த காகிதத்தை மருந்தில் கழுவிப் பார்த்துத் தூக்கியும் எறிந்தார். தியாப் பொறுக்கிக்கொண்டான். கழுவின காகிதத்தில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும்: வெயில்பட்ட வானமும் தூணும் கறுப்பு, இவன் கறுத்த முகம் வெள்ளை.

"அடேய், நீயே துரையாயிட்டியேடா!" என்றேன். அழுதுகொண்டே சிரித்தான். ஆடிக்கொண்டே இருந்த வலது கை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புகை.

அந்தக் காகிதம் இப்போது அவதல்லா வீட்டுச் சுவரில் இருக்கிறது. போன குளிர்காலத்தில் போயிருந்தேன். யாரோ விருந்தாளி படத்தைப் பார்த்துக் கேட்டான்: "ஆமா, இவருக்கு ஒரு கை எங்கே?"

அவதல்லா ரொட்டியைப் பிட்டுத் தம்பி பக்கம் நீட்டினார்.

"எங்கிட்ட வந்துருச்சு" என்றார்.