கோழி அடைகாத்த கப்பல் பெட்டி

செம்பனைக் குலைகளை அவித்து எண்ணெய் எடுக்கும் ஆலையின் வாடை மூக்கில் ஏறுவதற்கு முன்பே நாக்கின் அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும், பாதி புளிப்பும் பாதி எண்ணெய்ப் பிசுக்குமாக. மலேசியாவில் சாஆ என்ற சிறுநகருக்கு வெளியே, கம்பம் என்று அங்கே சொல்லும் சிற்றூர் ஒன்றின் வீட்டில் நாங்கள் கண்விழித்த முதல் காலையில் அது பலகை இடுக்குகளின் வழியே உள்ளே வந்தபோது, உம்மா அதைச் சோறு ஊசிய வாடை என்று நினைத்து, வாப்பா முந்தைய நாள் கடையிலிருந்து கொண்டுவந்து தண்ணீர் ஊற்றி வைத்திருந்த நல்ல சோற்றையெல்லாம் பின்வாசலில் கொட்டிவிட்டாள். இரண்டாம் நாளும் கொட்டினாள். மூன்றாம் நாள் கழுவிக் கவிழ்த்த சட்டியின் பக்கத்திலும் அதே வாடை அடிப்பதைக் கண்டு, "ஊரே ஊசிப்போன ஊரால்ல இருக்கு" என்றாள். அப்படிச் சொன்னாளே தவிர, திரும்பிப் போகலாம் என்று அவள் வாயிலிருந்து அன்றும் வரவில்லை, பிறகு ஒருநாளும் வரவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மகள். பாப்புவா நியூ கினியில், ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் மருத்துவமனைத் தாதி வேலைக்குப் போயிருக்கிறாள். போய்ச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், போன வாரம் அழைத்து, ஆறு பெருகி வந்து அவள் வீட்டுச் சமையலறையின் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று ஏதோ பால் பொங்கி வழிந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். "அந்த ஊரு வேணாம், உடனே வந்துடு" என்றேன். சொல்லி முடித்ததும், அந்தச் சொற்களை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. எங்கே என்று நினைவுக்கு வர இரண்டு நாள் ஆயிற்று.

எங்கள் சொந்த ஊர் காயல்பட்டினம். அங்கே வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்குக் கல்யாணம் என்றால் அவள் பெயரில் ஒரு வீடு இருக்கும், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். ஆண்கள் "சபர்" என்று சொல்லிக் கடல் கடந்து வியாபாரத்துக்கும் வேலைக்கும் போவார்கள், வருவார்கள்; பெண்கள் பிறந்த தெருவிலேயே இருப்பார்கள். சாஆவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை பார்த்த வாப்பாவை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை கப்பலில் வந்து போகும் விருந்தாளியாகத்தான் ஒன்பது வயதுவரை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் உம்மா தன் பெயரில் இருந்த கல் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, என்னையும் ஒரு தகரப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு கப்பல் ஏறியபோது, தெருவே எங்களை மௌத்து விழுந்த வீட்டை, சாவு வீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. எங்களுக்குக் கிடைத்தது மூன்று மாதம் தங்குவதற்கான பாஸ். அதை நீட்டிக்க வேண்டுமென்றால் வாப்பாவின் முதலாளி மொய்தீன் காக்கா கையெழுத்துப் போட வேண்டும். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான்; அங்கே காக்கா என்றால் அண்ணன்.

கம்பத்தில் ஒரு செம்மண் சாலை, அதன் ஓரமாகக் குட்டைக் கால்களில் நின்ற ஐந்து பலகை வீடுகள், பின்னால் ரம்புத்தான் மரங்கள், அதற்கும் பின்னால் செம்பனை. இவ்வளவுதான் ஊர். ஆனால் உம்மாவின் கண்ணில் அங்கே வேறொன்றும் இருந்தாக வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் தெரு ஆண்களுக்கு. வீடுகளின் பின்புறங்களுக்கு நடுவே "முடுக்கு" என்று ஓர் ஒடுங்கிய சந்து ஓடும், அது பெண்களுக்கு. அந்த வழியாகவே உறவு வீடுகளுக்குப் போகலாம், குழம்பு கொடுக்கலாம், சண்டைகூடப் போடலாம். தவிர்க்க முடியாமல் ஓர் ஆண் அதில் வர நேர்ந்தால், தூரத்திலிருந்தே இருமிவிட்டு வருவார். அப்படியொரு சந்து இல்லாத ஊர் உலகத்தில் இருக்கும் என்று உம்மாவுக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே மூன்றாம் நாள் நண்பகலில் தேங்காய் வேண்டியிருந்தபோது, அவள் வெள்ளைத் துப்பட்டியைத் தலை முதல் கால்வரை சுற்றிக்கொண்டு, என் கையைப் பிடித்து, பின்கதவைத் திறந்து முடுக்கைத் தேடினாள். இடுப்புயரப் புல்லும் கோழிக் கூண்டும் துணிக்கொடியும்தான் இருந்தன. "இந்த ஊரு பொம்புளைகளுக்கு முடுக்கைக் கூட்டி வைக்கத் தெரியலை" என்று சொல்லிவிட்டுப் புல்லை விலக்கிக்கொண்டு நடந்தாள். பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் இடுப்பில் நனைந்த சாரத்தோடு குளித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர், நாங்கள் பின்னால் பாக்சிக், அதாவது மாமா, என்று கூப்பிட்ட டோலா பாக்சிக், நிமிர்ந்து பார்த்தார். ரம்புத்தான் இலைகளுக்கு நடுவிலிருந்து முகம் தெரியாத ஒரு வெள்ளை உருவம் அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. "ஹந்து! ஹந்து!" என்று அலறி, வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டு, வழுக்கி விழுந்து எழுந்து வீட்டுக்குள் ஓடினார்.

மலாய்க்காரர்கள் பேயை ஹந்து என்பார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. உம்மா துப்பட்டிக்குள்ளிருந்து மெச்சிக்கொண்டாள்: "பார்த்தியா, பொம்புளைக முடுக்குல வர்றாங்கன்னதும் எப்படி விலகிப் போறாரு. மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

அதற்கடுத்த வீடு அஞ்சலை அக்காவுடையது. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. பின்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "முன்னுக்கு அவ்ளோ பெரிய ரோடு இருக்கே லா! கோழிக் கொட்டாய் வழியா ஏன்கா வர்றீங்க? பாக்சிக் ஒங்கள பேயின்னு நெனச்சிட்டாரு. அலமாக், இன்னிக்கி அவருக்குக் காய்ச்சல்தான்!"

உம்மா அப்போதும் சாலைவழியாகத் திரும்பவில்லை. தேங்காயை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினாள்.

மறுநாள் கடையில் தேத்தண்ணி குடித்த அத்தனை பேருக்கும் இந்தக் கதை தெரிந்திருந்தது. டோலா பாக்சிக்கே நடித்துக் காட்டினாராம். எல்லாரும் சிரித்தார்கள், மொய்தீன் காக்காவைத் தவிர. ஊர் மானம் போய்விட்டது என்று அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வாப்பா நின்றார், காக்கா உட்கார்ந்தார், உள்ளறை வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னால் உம்மாவும் நானும்.

"ஏன் தம்பி, சபருக்குப் பொம்புளையக் கூட்டிட்டு வர்றது நம்ம வழக்கமா? நான் சொல்லச் சொல்லக் கேக்கலை. பாஸ் முடிஞ்சதும் கப்பல் ஏத்திவிடு, நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்த ஊரு அவங்களுக்கு வேணாம். பொம்புளை இருக்க வேண்டிய எடம் அவ வீடு."

திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. அவள் அந்நிய ஆணிடம் பேசி நான் கேட்டது அதுவே முதல்முறை.

"நானும் அதைத்தான் காக்கா சொல்றேன். பொம்புளை இருக்க வேண்டிய எடம் அவ வீடு. இது என் வீடு. நான் கூட்டினேன், நான் அடுப்பு மூட்டினேன். நம்ம ஊரு வழக்கத்துல ஆம்புளைங்க வீட்டுக்கு விருந்தாளி. இப்ப இங்கே ரெண்டு விருந்தாளி இருக்கீங்க, ஒண்ணு இவரு, இன்னொண்ணு நீங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. வீட்டுக்காரியைப் போன்னு மட்டும் சொல்லாதீங்க."

காக்கா தேத்தண்ணியைக் குடித்தார். ஆனால் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லவில்லை.

அடுத்த நாள் உம்மா முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டலப்பம் செய்து, அதே துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு, அதே பின்வழியாகக் கிளம்பினாள். ஒரே ஒரு மாற்றம்: எங்கள் ஊரில் ஆண்கள் இருமும் இருமலை இங்கே அவள் இருமினாள். துணிக்கொடிக் கம்பத்தடியில் ஒருமுறை, கிணற்றடிக்கு முன்னால் இரண்டுமுறை. டோலா பாக்சிக்கின் மனைவி ரொக்கியா மக்சிக் வெளியே வந்து பார்த்துவிட்டு, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உம்மாவுக்கு மலாய் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அஞ்சலை அக்கா நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசினார். ஒரு வாரத்தில் மக்சிக்கும் எங்கள் பின்வாசலுக்கு இருமிக்கொண்டு வரத் தொடங்கினார், கையில் ஒரு கிண்ணத்தோடு. ஒரு மாதத்தில் டோலா பாக்சிக் பாராங் கத்தியை எடுத்து, முணுமுணுத்தபடியே, ஐந்து வீடுகளுக்கும் பின்னால் புல்லை வெட்டிவிட்டார். கிணற்றைச் சுற்றித் தகரமும் அடித்துக்கொண்டார். முடுக்கு வந்துவிட்டது.

கையெழுத்துதான் வரவில்லை. பாஸ் முடியப் பத்து நாள் இருக்கும்போது வாப்பா பரண்மேலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. அந்த வாரம்தான் என்னைப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். புதுப் பாவாடை அந்தப் பெட்டிக்குள் போகப்போகிறது என்று எனக்கு அழுகை. அவர் வேலைக்குப் போனபின் உம்மா பெட்டியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதில் வைக்கோலைப் பரப்பி, மக்சிக் கொடுத்த பதினொரு முட்டைகளை அடுக்கி, அவர் கொடுத்த கறுப்புக் கோழியையும் தூக்கி உள்ளே உட்கார வைத்தாள்.

"பெட்டி எங்கே?" என்று இரவு திரும்பிய வாப்பா கேட்டார்.

"அடையில இருக்கு. இருபத்தொரு நாள் கழிச்சுக் கேளுங்க."

வாப்பா கோழியைத் தூக்கப் போனார், அது கொத்தியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கடைக்குப் போய்ச் சொன்னார். இரண்டு நாள் பொறுத்து மொய்தீன் காக்கா, பெட்டியை நேரில் பார்க்க வேண்டுமென்று வந்தார். குனிந்தார், பார்த்தார், அவரையும் கொத்தியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு திரையைப் பார்த்து, "தங்கச்சி, இருபத்தாறு வருஷமா நான் என் வீட்டுக்கு விருந்தாளியாத்தான் போய்ட்டு வர்றேன். போன தடவை போனப்ப என் சின்ன மவ, வந்தவருக்குத் தேத்தண்ணி குடுன்னு உள்ளே போய்ச் சொல்றா" என்றார். தேத்தண்ணிக் குவளை ஒன்று திரைக்கு அடியில் நகர்ந்து வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பாரத்தை எடுத்து, கோழிப்பெட்டியின் திறந்து கிடந்த மூடிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. மறுவருடம் ஒருநாள் பின்வாசலில் ஆண்குரல் இருமல் கேட்டது. தொப்பியைக் கையில் பிடித்தபடி மொய்தீன் காக்கா நின்றுகொண்டிருந்தார். தன் மனைவியை அழைத்து வர நினைப்பதாகவும், என்னென்ன கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்றும் உம்மாவிடம் கேட்க வந்திருந்தார். "வேறென்ன, ஒரு பெட்டிதான்" என்றாள் உம்மா.

உம்மாவை அடக்கம் செய்ததும் இந்த மண்ணில்தான். போன மாதம் ஜொகூர் பாருவிலிருந்து அந்தப் பக்கம் போக நேர்ந்தபோது காரை நிறுத்திப் பார்த்தேன். ஐந்து வீடுகளும் இல்லை. ரம்புத்தான் மரங்கள் இல்லை. முடுக்கு ஓடிய இடத்தில் சிமெண்டு வாய்க்கால் ஓடுகிறது, அதற்கப்பால் முள்கம்பி வேலி. ஆலையின் வாடை மட்டும் இருந்தது. அது அப்படியே போய் நாக்கடியில் உட்கார்ந்தது. இதையெல்லாம் நினைத்து நான் அழப்போவதில்லை. பலகை அழுகும், புல் மறுபடி முளைக்கும். அங்கே ஒருத்தி தன் வீடு இது என்று சொல்லி நின்றாள், அதை எந்த வாய்க்காலும் இழுத்துக்கொண்டு போக முடியாது.

ஆனால் அவள் மகளான நான், என் மகளிடம் போன வாரம் பேசியது மொய்தீன் காக்காவின் பேச்சு. அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை. பயமும் தீரவில்லை. இருந்தும் நேற்று நானே அழைத்தேன். மறுபடி திரும்பி வரச் சொல்லப்போகிறேன் என்று அவள் முறுக்கிக்கொண்டு இருந்தது மூச்சிலேயே தெரிந்தது.

"உன் வீட்டுக்குப் பின்வாசல் இருக்கா?" என்று கேட்டேன்.

"சமையக்கட்டு பாதி போயிருச்சுல்ல உம்மா, இப்ப பின்னாடி பூரா வாசல்தான்" என்று சிரித்தாள். "ஏன்?"

"அந்தப் பக்கம் யாரு இருக்காங்க?"

"ஒரு கிழங்குத் தோட்டம். அதுக்கப்புறம் ஒரு வீடு. அந்த அம்மா தினம் என்னையே பார்க்கும், சிரிக்காது. இன்னும் பேசலை."

"போய்ப் பேசு. கையில ஏதாவது கொண்டு போ" என்றேன். "ஆனா திடுதிப்புன்னு போய் நிக்காதே. முதல்ல இருமு."