மர வளையத்தில் வந்த சிவப்பு

நாங்கள் மலேசியாவில், செனாயில் இருக்கிறோம். என் மகளுக்குப் பல் முளைக்கும் நேரம். கோயிலில் பழக்கமான பிரேமா, குழந்தைகள் கடிப்பதற்குச் சாயம் பூசாத மர வளையம் செய்து விற்கிறாள். அழகாக இருந்தது, ஒன்று வாங்கினேன். எங்கள் வீட்டில் எந்தப் புதுப்பொருளையும் முருகன் படத்தின் முன் வைத்துக் குங்குமம் இடுவோம். இதற்கும் இட்டு, துடைத்துவிட்டுத்தான் பிள்ளையிடம் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் வாயெல்லாம் சிவப்பு. இரத்தமோ என்று பதறிக் கழுவினேன். காயம் இல்லை. உடனே படம் எடுத்துக் கோயில் மகளிர் வாட்ஸ்அப் குழுவில், “பிரேமாகிட்ட வாங்காதீங்க, சாயம் போகுது” என்று போட்டுவிட்டேன்.

பிரேமா பதறி ஓடி வந்தாள். வளையத்தை முகர்ந்து பார்த்து, “அக்கா, இது குங்குமம். மரம் உறிஞ்சிருக்கு, எச்சில்ல ஊறி வருது” என்றாள்.

“காலையில நீ வச்ச பொட்டுதான்லா அது” என்றார் என் கணவர்.

என்னால் தலை நிமிர முடியவில்லை. அதே குழுவில் மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் மூன்று பேர் அவளிடம் சொல்லி வைத்திருந்த வளையங்களை வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர்தான் திரும்பி வந்தார்.

இப்போது பொட்டைப் பொருள் வந்த பெட்டிமேல்தான் வைக்கிறேன். குறை தெரிந்தால் முதலில் சம்பந்தப்பட்டவரிடமே கேட்கிறேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை கோயிலில், “வாங்கக்கா” என்று பிரேமா சிரிக்கும்போது முருகன் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது.