ஆடி மாதத்தில் திறந்த கதவு

என் தம்பியின் உடம்பில் அம்மாவின் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றுதான், ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்த நல்ல செய்தியோடு அவர் இன்னொன்றும் கேட்டிருந்தார். "புதன்கிழமை டிஸ்சார்ஜ் பண்ணிடலாம். வீடு பாத்தாச்சா?"

வீடு இல்லை. அவ்வளவு பெரிய சென்னையில், எங்கள் வாடகைக்கு ஒரு வீடு கிடைக்கவில்லை.

எங்களுக்குத் திருவையாறு பக்கம், குடமுருட்டிக் கரையில் ஒரு கிராமம். அப்பா குத்தகை நிலத்தில் நெல் சாகுபடி செய்கிறார். நான் பயோமெடிக்கல் படித்துவிட்டுத் தஞ்சாவூரில் மருத்துவக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். தம்பி கதிரவனுக்குக் கல்லூரியில் படிக்கும்போதே இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. தஞ்சாவூரில் டயாலிசிஸ் செய்தோம். எந்த மெஷினை நான் சர்வீஸ் செய்வேனோ, அதே மெஷினில் அவன் படுத்துக் கிடந்தான். அதில் எந்த அலாரம் எதற்கு அடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் பயம் குறையவில்லை, கூடியது.

கடைசியில் அம்மா தன் சிறுநீரகத்தைத் தருவதாகச் சொன்னார். ஆபரேஷன் சென்னையில் என்று முடிவானது. டாக்டர் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட்டார்: டிஸ்சார்ஜ் ஆனதும் ஊருக்குப் போகக்கூடாது. சில மாதங்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். லாட்ஜ் கூடாது. ஒரு சின்னக் காய்ச்சல் வந்தாலும் புதுச் சிறுநீரகம் போய்விடலாம்.

நான் எதையும் எழுதி வைத்துப் பார்க்கிறவள். வீட்டுக்கும் எழுதினேன். தரைத்தளம், அம்மாவுக்கும் தையல் போட்ட வயிறாக இருக்கும். தனிக் கழிவறை. சுவரில் ஓதம் கூடாது. ஜன்னலில் புறாக்கள் அடையக்கூடாது, அதன் எச்சத்திலிருந்து நுரையீரலில் தொற்று வரும். ஆட்டோவில் சீக்கிரம் ஆஸ்பத்திரி போய்விட வேண்டும். கடைசியாக, எங்களால் கொடுக்க முடிகிற வாடகை. இந்தக் கடைசி வரியைப் படித்ததும் புரோக்கர்கள் சிரித்தார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு வீடு அமைந்தது. நாளைக்குப் பால் காய்ச்சலாம் என்றிருந்தபோது அந்த வீட்டுக்காரர் போன் செய்தார்.

"மாத்துக் கிட்னி வெக்கப்போற பேஷன்ட்டுன்னு புரோக்கர் இப்பத்தான் சொல்றாரு. ஏதாவது ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நாளைக்கு அந்த வீட்டுக்கு யாரும்மா வருவா?"

"ஒண்ணும் ஆகாதுங்க சார். டாக்டர்கிட்ட வேணும்னா பேசுங்க."

"அட்வான்ஸ திருப்பிப் போட்டுட்டேன். பாத்துக்கோங்க." வைத்துவிட்டார்.

இரண்டு நாளில் ஆடி பிறந்தது. ஆபரேஷனும் நடந்தது. அப்பா நாற்றங்கால் வேலையை விட்டு வர முடியாமல் ஊரிலேயே இருந்தார். அறுத்த காயத்தோடு அம்மா ஒரு லாட்ஜ் அறையில். கதிரவன் வார்டில். நான் தெருவில்.

ஆடியில் யாரும் குடி போவதில்லை, குடி வைப்பதும் இல்லை. இது எனக்குத் தெரியாததல்ல, எங்கள் ஊரிலும் அப்படித்தான். ஆனால் அதன் கனம் எனக்கு அந்த நாட்களில்தான் புரிந்தது. வாடகைக்கு என்று பலகை தொங்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு இருந்தன. உள்ளே ஆள் இல்லை. வெளியே பூட்டு. "ஆவணி ஒண்ணாம் தேதி வாம்மா" என்பார்கள். ஆவணி வரைக்கும் கதிரவனை எங்கே வைப்பது?

ஒரு புரோக்கர் கிண்டலாகவே சொன்னார். "ஆடியில வீடு தேடி வந்த மொத ஆளு நீதாம்மா. ஆடித் தள்ளுபடியில துணி கெடைக்கும், வீடு கெடைக்காது."

நோயாளி என்பதை மறைத்துவிடு என்று பலர் சொன்னார்கள். மறைத்திருந்தால் ஆனியிலேயே ஒரு வீடு கிடைத்திருக்கும்தான். ஆனால் நடுவில் தெரிந்து வெளியே போகச் சொன்னால், முகக்கவசம் போட்ட தம்பியோடு எங்கே போய் நிற்பது? மறைக்கவில்லை. கேட்ட இடமெல்லாம் உண்மையைச் சொன்னேன். கேட்ட இடமெல்லாம் கதவு மூடியது.

டிஸ்சார்ஜுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு சிறிய மாரியம்மன் கோயில். வேப்பிலைத் தோரணம் கட்டி, அண்டாவில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கூழுக்கு வரிசையில் நிற்காமல் நேரே சந்நிதி முன்னால் போய் நின்றேன்.

கைகூப்பி வேண்டினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் சண்டை போட்டேன். "இது உன் மாசம். ஊரெல்லாம் உனக்குக் கூழ் ஊத்துறாங்க. உன் மாசத்துலதானே எனக்கு ஒரு கதவும் திறக்க மாட்டேங்குது? புதன்கிழமைக்குள்ள வீடு குடு. இல்லன்னா என் தம்பியை நீயே வந்து பாத்துக்க." எனக்குத் தெரியாமலே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்.

"ஏம்மா பொண்ணே, யாரோட சண்டை?"

திரும்பினேன். கையில் கரண்டியோடு ஓர் அம்மாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவர். பெயர் தனலட்சுமி என்று பிறகு தெரிந்தது. "மொதல்ல இதைக் குடி" என்று ஒரு சொம்பை நீட்டினார். குடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, "என் வீடு ஒண்ணு காலியாத்தான் கெடக்குது. இதே சந்துல" என்றார்.

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"ஆனா ஆடி ஆச்சே கண்ணு. ஆடியில குடி வெச்சு எங்க குடும்பத்துல பழக்கமில்ல. எனக்கும் பேரப் புள்ளைங்க இருக்கு. பயமா இருக்குது."

"அக்கா, புதன்கிழமை அவனை அனுப்பிடுவாங்க அக்கா."

அவர் பூசாரியைக் கூப்பிட்டார். "பூ போட்டுப் பாத்துடலாம். ஆத்தாவே சொல்லட்டும்."

எங்கள் பக்கமும் உண்டு இந்த வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனிக் காகிதத்தில் மடித்து அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி இரண்டு பொட்டலங்களையும் குலுக்கிப் போட்டார். "நீயே எடு" என்றார் அக்கா.

நான் அளவுகளை நம்பி வேலை செய்கிறவள். சரிபாதி வாய்ப்பு என்று மூளை சொன்னது. என் தம்பியின் உயிரைச் சரிபாதி வாய்ப்பில் வைக்கிறேனே என்று தோன்றியது. ஒன்றை எடுத்தேன். பிரிக்கப் போனேன்.

போன் அடித்தது. அப்பா.

"பாப்பா, சாப்புட்டியா? வீடு எதுவும் அமைஞ்சுதா?"

"வீட்டுக்காரங்க பக்கத்துலதான் இருக்காங்கப்பா. பேசிக்கிட்டிருக்கேன்."

அக்கா கையை நீட்டினார். "குடு, நானே கேக்குறேன்." ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். "அண்ணே, நான் வீட்டுக்காரி பேசுறேன். நீங்களே சொல்லுங்க. உங்க ஊர்ல ஆடியில குடி போவாங்களா?"

"போவ மாட்டோம்மா" என்றார் அப்பா.

 ஒரு பொய் சொல்லக்கூடாதா இந்த மனுஷர்?

"அதைத்தாண்ணே நானும் சொல்றேன்."

"குடி போவ மாட்டோம், கல்யாணம் வெக்க மாட்டோம், எல்லாம் நெசந்தாம்மா. ஆனா வெதை விடுவோம். இப்பத்தான் நாத்தங்கால்ல வெதைய விட்டுட்டுக் கரையேறி நிக்கிறேன், கால்ல சேறு காயல. தையில நாங்க பொங்குற அரிசிக்கு ஆடியிலதான் வெதை மண்ணுக்குள்ள போவுது. ஆத்தா ஒரு வருசமும் அதை வேணாம்னு தள்ளுனதில்ல. எம் புள்ளைக்கும் இப்ப வேர் புடிக்கிற நேரம்மா. மத்தபடி உங்க மனசு. நேர்ல வந்து கேக்கணும், தூரத்துல இருக்கேன். தப்பா நெனைச்சுக்காதீங்க."

அக்கா ஸ்பீக்கரை அணைத்தார். போனை என்னிடம் கொடுத்தார். பிறகு என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"பிரிக்காத. அவ காலடியிலயே வெச்சுடு."

பூசாரிக்குக் கோபம். "என்ன தனம், கேட்டுட்டுப் பதிலைப் பாக்காமப் போறது?"

"இன்னும் என்னத்த பாக்குறது சாமி? வீடு இல்லன்னு இது அவகிட்ட வந்து சண்டை போடுது. காலி வீட்டுக்காரி கையில கரண்டியக் குடுத்து இதுக்கு எதிர்லயே நிறுத்தி வெச்சிருக்கா. இதுக்கு மேலயும் நான் கேட்டா அடிக்கத்தான் வருவா."

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து முன்னால் நடந்தார். தரைத்தளம். தனிக் கழிவறை. கையால் தடவிப் பார்த்தேன், சுவர் காய்ந்திருந்தது. புறா இல்லை. "உன்னால எவ்ளோ முடியும்?" என்று கேட்டார். சொன்னேன். "சரி" என்றார். "கூழு ஊத்துன கையோட பேரம் பேசக்கூடாது."

புதன்கிழமை கதிரவனை அழைத்து வந்தோம். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மா தயங்கினார். "ஆடியில எப்படிங்க பால் காய்ச்சுறது?"

"பால் ஏன் காய்ச்சணும்? கூழ் காய்ச்சு. அவ அதைக் கேக்குற மாசந்தானே இது" என்றார் தனலட்சுமி அக்கா.

அடுப்பில் முதலில் கொதித்தது கூழ்தான். பக்கத்து அறையில், புது விரிப்பில், கதிரவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே நான் தரையில் படுத்தேன். வெகு நாட்களுக்குப் பிறகு அன்றுதான் தூங்கினேன்.

அந்த மாதங்களில் ஒருநாள்கூட அவனுக்குக் காய்ச்சல் வரவில்லை. தையில் ஊர் திரும்பினோம். தொற்று வருமென்று அவன் மண்ணில் மட்டும் இன்னும் இறங்கக்கூடாது. வரப்பில் செருப்போடு நின்று அப்பாவை அதிகாரம் செய்கிறான்.

நான் எடுத்த பூ வெள்ளையா, சிவப்பா? இன்றுவரை எனக்குத் தெரியாது. எதையும் சரிபார்க்காமல் விடாதவள் நான். இதை மட்டும் சரிபார்க்கத் தோன்றவில்லை.

இப்போது எங்கள் பக்கமிருந்து சிகிச்சைக்குச் சென்னை போகிறவர்களுக்கு வீடு தேடித் தருகிறேன். நோயாளியை மறுக்காத வீட்டுக்காரர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்திருக்கிறார்கள். போன ஆடியில் பூதலூர்ப் பக்கத்து அண்ணி ஒருவர், கணவருக்கு இருதய ஆபரேஷன் என்று அழுதார். தயங்கித்தான் தனலட்சுமி அக்காவைக் கூப்பிட்டேன். "ஆடிதான் அக்கா" என்றேன்.

"ஆடின்னா என்ன இப்போ? வரச் சொல்லு, வீட்டக் கழுவி வெக்கிறேன்."

மூடிய கதவுகளைப் பார்த்துப் பார்த்து மனம் சலித்துப்போனவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். உண்மையை மறைக்காதீர்கள். அம்மனிடம் போய் நில்லுங்கள். அழகாகக் கேட்க வரவில்லையென்றால் சண்டை போட்டுக் கேளுங்கள். அவள் தாய். பொறுத்துக்கொள்வாள், கொடுப்பாள்.