அரை டிக்கெட்

ஏழு வயது மகளுக்கு மார்பு வளரத் தொடங்கியதும், "கோழிக்கறியாலதான் இருக்கும், வெளிய சொல்லாத" என்றார் நாத்தனார். நான் கேட்கவில்லை. ராயப்பன்பட்டியிலிருந்து தேனிக்கு பஸ் ஏறினோம். அவள் உயரத்தைப் பார்த்துக் கண்டக்டர் முழு டிக்கெட் கிழித்தார். எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

ரத்தப் பரிசோதனையையும் இடது கை எக்ஸ்ரேயையும் பார்த்த டாக்டரம்மா, "எலும்புக்குப் பத்து வயசாயிருச்சு. ஹார்மோன் முந்திருச்சு, உடம்பு எடையும் சேந்து தள்ளுது. இப்பிடியே விட்டா வளத்தி சீக்கிரமே நின்னுரும். மாசம் ஒரு ஊசி போட்டா நிதானப்படும்" என்றார்.

"எலும்பு மட்டும் எனக்கு அக்காவாம்மா?" என்றாள் மகள்.

"மாசாமாசம் கூட்டிட்டு வாரேன் டாக்டர்" என்றேன்.

திரும்பும்போதும் கண்டக்டர் முழு டிக்கெட் கிழிக்கப் போனார்.

"ஏழு வயசுதாண்ணே. அரை டிக்கெட் குடுங்க" என்றேன், பஸ் முழுக்கக் கேட்கும்படி. அவளுடைய மிச்சக் குழந்தைப் பருவத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.